மூன்று கிழமைத் தலையிடி

போன கிழமை இந்த மூலையில் என் பத்தி வரவில்லை. கவனித்தீர்களா?

நான்கு பேர் கவனித்துப் போன் செய்தார்கள். அதில் ஒருவர், "நல்லாத்தான் இருந்தது, இடைக்கிடை இப்பிடி லீவு விடுங்கோ" என்றார். வாசகர் அன்புக்கு எல்லை உண்டா?

காரணத்தைச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பியர்பொன்ட்ஸ் பகுதியில் என் வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி ஒன்று நின்றது. வீட்டில் நெருப்பு இல்லை. புகை இல்லை. ஒரு மணம்கூட இல்லை. ஆனால் என் மனைவி மெற்றில்டா, ஈரக் காலுறையோடு யாருடையதோ போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்களுக்குப் போனில் ஒரு குழு இருக்கிறது. பெயர், 'சும்மா கதைப்பம்'. கோயில் பாடகர் குழுவுக்கு ஒத்திகை நேரம் அறிவிக்கவென்று தொடங்கியது. இப்போது எண்பது பேருக்கு மேல் இருக்கிறோம். பாட்டைத் தவிர மற்றதெல்லாம் நடக்கிறது.

பனிக்காலத்துக்குக் கார் ரயரை எந்தத் திகதிக்குள் மாற்றச் சொல்கிறது சட்டம்? வீட்டுச் சொந்தக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வரலாமா? மனிதன் நிலவுக்குப் போனது உண்மையா? ஃபிரிட்ஜில் வைத்த சோற்றை எத்தனை நாள் சாப்பிடலாம்? செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த அஞ்சலிக் குறிப்பை வாசித்து அழலாமா, அழக்கூடாதா? - இந்தக் கடைசிக் கேள்வி மட்டும் மூன்று நாள் ஓடியது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறி, பிறகு திரும்பி வந்தார்கள்.

இதில் நான் ஒரு முக்கியஸ்தன். பத்தி எழுதுகிறவன் அல்லவா... 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வாய் வராது.

மெற்றில்டா அந்தக் குழுவில் இல்லை. "நாள் முழுக்க பிரெஞ்சில கதைச்சுக் களைச்சுப்போய் வாறன், பேந்து தமிழிலயும் சண்டையைப் பார்க்கோணுமோ?" என்பாள். அவளுக்கு ஒரு கம்பனியில் வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை. வீட்டில் இருந்தபடியே செய்கிறாள். கராஜுக்கு நேர் மேலே இருக்கிற சின்ன அறைதான் அவளுடைய ஒபீஸ்.

அந்த அறைக்கு இன்டர்நெட் ஒழுங்காக வராது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே அறுந்து போகும். மேற்பார்வையாளர் இரண்டு தரம் எச்சரித்துவிட்டார். மோடம் கீழே கராஜ் சுவரில் இருக்கிறது. இடையில் அந்தக் கூரை.

குழுவில் கேட்டேன். கார்த்திக் பதில் எழுதினார். கோயம்புத்தூர்க்காரர், கனடாவுக்குப் படிக்க வந்து, இப்போது ஐ.டி. கம்பனி ஒன்றில் வேலை. கோட்-டெ-நெய்ஜில் இருந்து பஸ் பிடித்து வந்து எங்கள் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசிக்கிறவர். "சார், வயர்லெஸ் எல்லாம் வேணாம். ஒரு கேபிள் இழுத்துருங்க, அப்புறம் பிரச்சினையே வராது" என்றார்.

நல்ல ஆலோசனை. இன்றைக்கும் அதில் ஒரு பிழையும் இல்லை. இழுத்தவன் நான் என்பதுதான் பிழை.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை. ஏணி வைத்து ஏறி, கராஜ் கூரையில் ஓட்டை போட்டேன். கேபிள் பென்சில் அளவு. என்னிடம் இருந்த ஒரே துளைக்கும் ஊசி பெருவிரல் அளவு. அதனால் என்ன? ஓட்டை ஓட்டைதானே. கேபிளை மேலே ஏற்றினேன். அறையில் அந்தக் கேபிள் போய்ச் சேருகிற சின்னப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். மேசைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பிளக் பொயின்ட். அதில் ஏற்கெனவே வெள்ளை நிறத்தில் ஒரு கருவி செருகியிருந்தது. வீட்டை விற்றவர்கள் விட்டுப்போனது. கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

அது என்ன கருவி என்று தெரியாமல் இல்லை. நச்சுவாயு வந்தால் கத்துகிற கருவி. பிறகு வேறு இடத்தில் செருகலாம் என்று நினைத்தேன். இந்தப் 'பிறகு' இருக்கிறதே...

வேலை முடிந்ததும் கராஜில் நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கூரை, ஓட்டை, கேபிள், கீழே என் கார், ஏணியில் நான். நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். மெற்றில்டாவுக்கு இன்டர்நெட் அறுவது நின்றது. வீட்டில் என் மதிப்பு உயர்ந்தது.

அடுத்த வாரம் அவளுக்குத் தலையிடி தொடங்கியது.

முதலில் பெரிதாக எடுக்கவில்லை. தலையிடி யாருக்குத்தான் வருவதில்லை? காலை பத்து மணிக்கு வரும். மத்தியானம் வரை இருக்கும். பின்னேரம் குறையும். கண்ணாடியை மாற்றிப் பார்த்தாள். தேத்தண்ணியைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். ஹெட்செட் இறுக்கமோ என்று புதிது வாங்கினாள். கிளினிக்கில் கேட்டால் ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு திகதி கொடுத்தார்கள்.

இரண்டாவது கிழமை, கதைக்கும்போது சொற்கள் வரவில்லை என்றாள். பதினெட்டு வருடம் கதைத்த பிரெஞ்சு. ஒரு வாடிக்கையாளரிடம் அவருடைய பெயரையே இரண்டு தரம் கேட்டிருக்கிறாள். முறைப்பாடு வந்தது. இரவுச் சாப்பாட்டு மேசையில், வேலையை விடப் போகிறேன் என்று மெதுவாகச் சொன்னாள். நான், கொஞ்சம் பொறு, இது வேலைக் களைப்பு என்றேன். சொன்னேனே... எனக்கு எல்லாம் தெரியும்.

மூன்றாவது கிழமை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வீட்டு டாப்லெட்டில் செய்தி பார்க்க உட்கார்ந்தேன். முதல்நாள் அவள் தேடிய பக்கம் மூடப்படாமல் இருந்தது. தலையிடி. மறதி. சொல் தடுமாற்றம். மூளையில் கட்டி. அதன் கீழே - எவ்வளவு காலம் உயிரோடு இருக்கலாம்?

பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

மெற்றில்டாவின் அக்கா லண்டனில் இருந்தவர். ஆறு வருடத்துக்கு முன் தலையில் கட்டி வந்து இறந்துபோனார். அவருக்கும் தலையிடியில்தான் தொடங்கியது. மூன்று கிழமையாக இவள் அதைத்தான் நினைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள், வேலை செய்திருக்கிறாள், எனக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டாப்லெட்டைப் பார்த்தேன் என்று அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? குழுவில் கேள்வி போட்டேன். மனைவியிடம் கேட்க வேண்டியதை எண்பது பேரிடம் கேட்கிற காலம் இது.

கட்டி என்ற சொல்லை எழுதவில்லை. மூன்று கிழமையாகத் தலையிடி, மறதியும் இருக்கிறது, யாருக்காவது அனுபவம் உண்டா என்று மட்டும் கேட்டேன்.

அன்று மத்தியானம் முழுக்கப் பதில்கள். இஞ்சி என்றார் ஒருவர். இரும்புச்சத்து என்றார் இன்னொருவர். வீட்டில் வேலை செய்தாலும் உட்கார நல்ல கதிரை கொடுக்க வேண்டியது கம்பனியின் சட்டக் கடமை என்று ஒருவர் நீளமாக எழுதினார். ஒருவர் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு, அது சொன்ன பதினான்கு காரணங்களையும் அப்படியே ஒட்டினார். கார்த்திக், திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கச் சொன்னார்.

அன்ரன் அண்ணை ஒருவரே ஒன்பது செய்தி எழுதினார். தையல் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் இருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறார். அவருடைய கட்சி, எல்லாம் வைஃபை கதிர்வீச்சு. கார்த்திக் அறிவியல் பேசி மறுத்தார். "தம்பி, அறிவியலை நீர் படிச்சிருப்பீர், நான் அனுபவிச்சிருக்கிறன்" என்று அன்ரன் அண்ணை எழுதினார். பிறகு என் மனைவியின் தலையை எல்லோரும் மறந்துவிட்டு, கைபேசிக் கோபுரங்களைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள்.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திங்கட்கிழமை. வெளியே கழித்தல் இருபத்தெட்டு பாகை. மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். ஏழே முக்காலுக்குக் காரில் புறப்பட்டேன். கிழக்குப் பக்கம் போகிற நெடுஞ்சாலையில் வழக்கம்போல நத்தை ஊர்வலம். எட்டரை ஆகப் போகிறது. போன் அடித்தது. கார் ஸ்பீக்கரில் எடுத்தேன்.

ஜெசிந்தா. மன்னார்ப் பிள்ளை. கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளர் பராமரிப்பு வேலை. குழுவில் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது. யாராவது இறந்தால் மட்டும் ஒரு மெழுகுதிரிப் படம் போடுவார். இரவு வேலை முடித்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாராம். முதல்நாள் செய்திகளை அப்போதுதான் பார்த்திருக்கிறார்.

வணக்கம் சொல்லிவிட்டு நேரே கேட்டார். அக்காவுக்கு சனி, ஞாயிறு தலையிடி வருகிறதா?

இல்லை, என்றேன். அதனால்தானே வேலைக் களைப்பு என்று...

புதன்கிழமை அக்காவுக்கு லீவு அல்லவா, அன்றைக்கு?

யோசித்தேன். வந்தது. புதன்கிழமைகளில் அந்த அறையில்தான் இருந்து உடுப்புத் தைப்பாள். அன்றைக்கும் வந்தது.

நீங்கள் வேலைக்குப் போகாமல் நின்ற நாள் ஏதாவது உண்டா?

இரண்டு கிழமைக்கு முன், காய்ச்சலில் வியாழனும் வெள்ளியும் வீட்டில் கிடந்தேன். அந்த இரண்டு நாளும் அவள் அந்த அறையில்தான் வேலை செய்தாள். எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தாள். தலையிடி? ...வரவில்லை.



"அண்ணை, அக்காவுக்குத் தலையிடி வாறது அக்கா வேலை செய்யிறதால இல்லை. நீங்கள் வேலைக்குப் போறதால" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு அவர், குழுவில் மேலே மேலே போய், மூன்று கிழமைக்கு முன் நான் போட்ட படத்தைப் பார்த்ததாகச் சொன்னார். கராஜ் கூரையில் ஓட்டை. அதற்கு நேர் கீழே கார். காலையில் காரை எங்கே வைத்து ஸ்டார்ட் பண்ணுவீர்கள் என்று கேட்டார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். என் காருக்குப் போனில் ஒரு செயலி இருக்கிறது. குசினியில் தேத்தண்ணி குடித்தபடி ஒரு பொத்தானை அமத்தினால் கராஜ் கதவு மேலே போகும். இன்னொன்றை அமத்தினால் கார் ஸ்டார்ட் ஆகும். கால் மணித்தியாலத்தில் இருக்கை சுடச்சுட இருக்கும். கதவு திறந்துதானே கிடக்கிறது, புகை வெளியே போய்விடும் என்பது என் விஞ்ஞானம். பிறகு காரை வெளியே எடுத்து, கதவை மூடிவிட்டுப் போய்விடுவேன். எட்டு மணிக்கு அவள் மேலே போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

இன்றைக்கு? இன்றைக்குக் குளிரில் கராஜ் கதவு ஒரு முழம் மேலே போய்ச் சிக்கிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டேன். குளிர் கூட என்று காரையும் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட விட்டேன். பிறகு கையால் தள்ளித் திறந்து...

சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"அக்கா இப்ப எங்கை இருக்கிறா?"

"அந்த அறையிலதான்."

"அவவை உடனை வெளியில போகச் சொல்லுங்கோ. விலாசத்தை எனக்குச் சொல்லுங்கோ, தீயணைப்புக்கு நான் அடிக்கிறன்."

அடுத்த வெளிவழியில் இறங்கி, ஒரு டெப்பனரின் முன்னால் காரை நிறுத்தினேன். பாண், பால், பியர் விற்கிற சின்னக் கடை. அந்த வாசலில் நின்று மெற்றில்டாவுக்கு அடித்தேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவளுடைய பதிவுக் குரல், அழகான பிரெஞ்சில், தகவலை விடச் சொன்னது.

வேலை நேரத்தில் அவளுடைய போன் குசினியில் இருக்கும். வாடிக்கையாளர் விபரங்கள் வெளியே போகக் கூடாது என்று கம்பனிச் சட்டம். மேசையில் சொந்தப் போன் வைக்கக் கூடாது. வீட்டு ரெலிபோன்? அதை எப்போதோ வெட்டிவிட்டோம். இந்தக் காலத்தில் எதற்கு அது என்று குழுவில் விவாதித்து, ஏகமனதாக முடிவெடுத்து வெட்டினோம்.

ஐந்து தரம் அடித்தேன். ஐந்து தரமும் அதே பிரெஞ்சு.

பக்கத்து வீட்டுக்காரி லூசில் அம்மா நினைவுக்கு வந்தார். தனியாக இருக்கிறவர். அந்த நேரம் வீட்டில்தான் இருப்பார். ஆனால் அவருடைய நம்பர் என்னிடம் இல்லை. எட்டு வருடமாகச் சுவரோடு சுவர். பனி வழிக்கும்போது பொன்ஜூர், குப்பை வைக்கும்போது பொன்ஜூர். நம்பர் மட்டும் இல்லை.

என்ன செய்வேன்? குழுவைத் திறந்தேன். குரல் செய்தி போட்டேன். மெற்றில்டா வீட்டில் இருக்கிறாள், நச்சுவாயு, போன் எடுக்கிறாளில்லை, பியர்பொன்ட்ஸில் யாராவது இருந்தால் போய்க் கதவைத் தட்டுங்கள். அந்தக் குரலைப் பிறகு கேட்டேன். என்னுடையது போலவே இல்லை.

சில விநாடிதான். அன்ரன் அண்ணையிடம் இருந்து பதில் வந்தது. அவர் வாழ்க்கையில் எழுதிய ஆகச் சின்னச் செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

"போறன்."

காரைத் திருப்பினேன். வீடு வந்து சேர இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. அதை நான் எழுதப் போவதில்லை. கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. மனம் அந்த டாப்லெட்டில் பார்த்த கடைசிக் கேள்வியில் இருந்தது.

வீட்டில் நடந்ததைப் பிறகு அவரும் மெற்றில்டாவும் சொல்லக் கேட்டேன்.

அன்ரன் அண்ணை இடுப்பில் கட்டிய சாரத்தோடும் வீட்டுச் செருப்போடும், மேலே ஒரு குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு காரில் வந்திருக்கிறார். மணியை அமத்தி, கதவை உதைத்து, பனியை உருட்டி மேல் ஜன்னலுக்கு எறிந்திருக்கிறார். கடைசியில் மெற்றில்டா இறங்கி வந்து கதவைத் திறந்திருக்கிறாள் - தலையில் ஹெட்செட்டோடு, உதட்டில் விரலை வைத்து. வாடிக்கையாளர் ஒருவர் லைனில்.

வெளியே வா என்றிருக்கிறார் அன்ரன் அண்ணை. இரண்டு நிமிடம் என்று இவள் விரலால் காட்டியிருக்கிறாள். முகம் வெளிறி, சுவரைப் பிடித்தபடி நின்றிருக்கிறாள். அவர் ஹெட்செட்டைக் கழற்றித் தன் வாயருகே பிடித்து, "மடாம், பொம்பியே. பொன்ஜூர். மெர்சி" என்றிருக்கிறார். பொம்பியே என்றால் தீயணைப்புக்காரர். நாற்பது வருடக் கனடா வாழ்க்கையில் அவர் சேர்த்த பிரெஞ்சு அவ்வளவுதான். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார். வாசற்படியில் அவளுக்குக் கால் மடிந்துவிட்டது. பனியில் குனிந்து சத்தி எடுத்திருக்கிறாள். சத்தம் கேட்டு வெளியே வந்த லூசில் அம்மா, ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய்ப் போர்வை கொண்டுவந்து போர்த்தியிருக்கிறார். அதற்குள் சைரன்.

நான் போய் இறங்கும்போது அவள் அன்ரன் அண்ணையின் கார்க் கதவோரம் நின்றாள். என்னைக் கண்டதும், "இஞ்சருங்கோ, லைனில நிண்ட மனிசி முறைப்பாடு குடுக்கப் போகுது" என்றாள்.

என் வாழ்க்கையில் இவ்வளவு இனிமையாக யாரும் என்னிடம் முறையிட்டதில்லை.

தீயணைப்பு அதிகாரி உயரமான மனிதர், மீசையில் பனி. கையில் ஒரு சின்னப் பெட்டி. அதை ஏந்திக்கொண்டு கராஜுக்குள் போனார், மேலே அறைக்குள் போனார். திரும்பி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மெதுவாக, எனக்கு விளங்குகிற பிரெஞ்சில் சொன்னார்.

கார்ப் புகையில் இருக்கிற அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குளிரில் நின்ற இயந்திரம் முதல் சில நிமிடத்தில்தான் அதை ஆகக் கூடுதலாகக் கக்கும். கராஜ் கதவு திறந்திருந்தாலும் எல்லாம் வெளியே போய்விடாது. வீடு சூடாக இருக்கிறபடியால் கீழிருக்கிற காற்றை மேலே இழுக்கும். காரை எடுத்துக்கொண்டு கதவையும் மூடினால், மிச்சம் மீதி உள்ளேயே நிற்கும். அது மேலே போக ஒரு வழி கிடைத்தால் போதும்.

பிறகு கூரையைக் காட்டி, இந்த ஓட்டையை யார் போட்டது என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். வீட்டை விற்றவர்கள் போட்டது என்று சொல்ல ஒரு கணம் நினைத்தேன். வாய்வரை வந்துவிட்டது.

"நான்தான்" என்றேன்.

தலையாட்டினார். திட்டவில்லை. கராஜ் ஒட்டியிருக்கிற வீட்டில் அந்தக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும், அது சட்டம், உங்களுடையது எங்கே என்று கேட்டார். நான் போய் லாச்சியைத் திறந்து எடுத்துவந்து கொடுத்தேன். திருடிய சாமானைத் திருப்பிக் கொடுக்கிறவன் போல. வாங்கிப் பார்த்தார், செருகினார். அது சில நிமிடத்தில் கத்தத் தொடங்கியது. மூன்று கிழமை கத்தாமல் விட்டதையெல்லாம் சேர்த்துக் கத்தியது.

ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு ஒக்சிசன் கொடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் இளம் பெண். இரத்தத்தில் அந்த வாயு இருக்கிறது, ஆனால் ஆபத்தான கட்டத்துக்குப் போகவில்லை, சில மணித்தியாலத்தில் கழுவிப் போய்விடும் என்றார். தலையிடி, மறதி, சொல் தடுமாற்றம் எல்லாவற்றுக்கும் இதுவே போதுமான காரணம் என்றார்.

மெற்றில்டா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் நிம்மதி, அவளுக்கு மட்டும் இல்லை. எனக்குக் காரணம் தெரியும்.

நான்தான் டொக்டரிடம் அவளுடைய அக்காவின் கதையைச் சொன்னேன். மெற்றில்டா திரும்பி என்னைப் பார்த்தாள். டொக்டர் கொஞ்சம் யோசித்து, மூன்று கிழமைத் தலையிடி, குடும்பத்தில் அப்படி ஒன்றும் இருக்கிறது, எதற்கும் தலையை ஒரு படம் எடுத்துவிடுவோம் என்றார்.

அந்தப் படம் எடுத்து, பார்த்துச் சொல்ல, பின்னேரம் நான்கு மணி ஆயிற்று. வாயுவைப் பற்றிச் சொல்லும்போதுகூட உட்காராத டொக்டர், இந்த முறை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எனக்கு அந்த உட்கார்தல் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சிரித்தார். ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்.

டொக்டர் போன பிறகு மெற்றில்டா முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

"அக்காவுக்கு வந்ததுதான் எனக்கும் எண்டு நினைச்சன்."

"தெரியும்."

"என்னெண்டு தெரியும்?"

டாப்லெட் கதையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தும் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டாள். பயம் என்றேன். எனக்கும் அதே பயம்தான், அதனால்தான் சொல்லவில்லை என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். மூன்று கிழமையாக அடக்கி வைத்த அழுகை, முகமூடிக்குள் ஆவியாக நின்றது. நானும் அழுதேன். எனக்கு முகமூடி இல்லை. அடுத்த கட்டில் மனிதர், பாவம், மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

இப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை. வீட்டுக்குள் நச்சுவாயு என்ற செய்தியைக் கேட்டு ஒரு குடும்பம் சந்தோஷத்தில் அழுதது என்றால், அது எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அன்று பின்னேரம் ஜெசிந்தாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. இரவு வேலை செய்தவர், தூங்கியிருப்பார். நீளமாக நன்றி எழுதினேன். எத்தனை தரம் திருத்தியும் அது பத்தி மாதிரியே வந்தது. அவருடைய பதில் பிறகு வந்தது: "அக்கா சாப்பிட்டாவோ?" அவ்வளவுதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, முந்தி ஒரு குடும்பம் இப்படி அவருடைய ஆஸ்பத்திரிக்கு வந்ததாகவும், அதில் எல்லோரும் பிழைக்கவில்லை என்றும் சொன்னார். மேலே நான் கேட்கவில்லை.

குழுவில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. கார்த்திக் ஒரு யோசனை சொன்னார். எல்லோரும் அவரவர் வீட்டுக் கருவியைப் படம் எடுத்துப் போட வேண்டும். ஏழு பேரிடம் கருவியே இல்லை. இரண்டு பேரிடம் இருந்தது காலாவதியானது. அடுத்த நாளே வாங்கிவிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு எந்தக் கல்யாணப் படத்தையும் விட அழகாக இருந்தது.

அன்ரன் அண்ணை மட்டும், வைஃபைப் பெட்டி வைக்கப் போய்த்தானே இவ்வளவும் வந்தது, ஆகவே தான் சொன்னது ஒருவகையில் சரி என்று எழுதினார். முதல்முறையாகக் கார்த்திக் மறுக்கவில்லை. "நீங்க சொன்னா சரிதான் அண்ணா" என்றார்.

இந்த ஒரு வாரமாக யோசித்துப் பார்க்கிறேன். எண்பது பேர் இருக்கிற இடத்தில் நாங்கள் எல்லோரும் பதில் வைத்திருந்தோம். பதினான்கு காரணம் சொன்ன இயந்திரம்கூட இருந்தது. கேள்வி கேட்டவர் ஒருவர்தான். எந்த நாள் வருகிறது, எந்த நாள் வரவில்லை, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது?

அதற்காக மற்றவர்களைக் குறை சொல்ல வருமா? பிழையான பதில் சொன்ன மனிதர்தான் செருப்போடு ஓடிவந்து கதவைத் தட்டினார். வெட்டிப்பேச்சு, வெட்டிப்பேச்சு என்கிறோம். ஒருவருக்கொருவர் வெட்டியாகப் பேசிப் பழகியிருந்ததால்தானே, ஒரு குரல் செய்தி போட்டதும் அவருக்கு ஓடத் தோன்றியது?

மெற்றில்டா வேலைக்குத் திரும்பிவிட்டாள். தலையிடி இல்லை. சொற்கள் வந்துவிட்டன - எனக்கு எதிராகவும். ஓட்டையை ஒரு முறையான ஆளைக் கூப்பிட்டு அடைத்தாயிற்று. கார் இப்போது வெளியேதான் நிற்கிறது, உறைந்து போய்.

சனிக்கிழமை போர்வையைத் துவைத்து மடித்து, ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு, லூசில் அம்மா வீட்டு மணியை அமத்தினேன். உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார். தயங்கித் தயங்கி அவருடைய நம்பரைக் கேட்டேன். எழுந்து போய்த் தன் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த ஒரு துண்டை எடுத்து வந்தார். மஞ்சளாகிப் போன கடதாசியில் அவருடைய நம்பர். நாங்கள் குடிவந்த வாரமே எழுதி வைத்தாராம். நாங்கள் கேட்டால் கொடுப்பதற்கு.

எட்டு வருடம் கேட்கவில்லை. கேட்க ஒரு தீயணைப்பு வண்டி வரவேண்டியிருந்தது.